செலிகாவின் நான்கு போல்ட்டுகள்

பட்டறைக்கு நீங்கள் ஏழு பேரும் வந்து சேர்ந்த மறுவாரம் முதலாளி என் வீட்டுக்கு வந்தார். "புதுசா வந்திருக்கிறவங்களுக்கு ஏதாவது எழுதிக் குடுங்க அண்ணே, தமிழ்ல எழுத நாடியில, இந்த மார்டின்டார்ல உங்களை விட்டா யாரு இருக்கா?" என்றார். அது உண்மைதான். பள்ளிக்கூடத்தில் எட்டு வருஷம் தமிழ் படித்தேன். கோவில் திருவிழா நோட்டீசுகளை எழுதி எழுதிக் கை விட்டுப்போகாமல் இருக்கிறது. பேசினால்தான் பாதி இந்தி வந்துவிடும், நீங்கள் சிரிப்பீர்கள்.

இந்தப் பிஜியில் இருந்த மெக்கானிக்குகள் சிட்னிக்கும் ஆக்லாந்துக்கும் போய்விட்டார்கள். அந்த இடத்துக்குத்தான் உங்களை நாமக்கல்லிலிருந்தும் திண்டுக்கல்லிலிருந்தும் அழைத்து வந்திருக்கிறார்கள். வேலை நுணுக்கம் எதையும் நான் எழுதப்போவதில்லை. இப்போது வருகிற வண்டிகளில் பாதி கம்ப்யூட்டர், அதை நீங்கள்தான் எனக்குச் சொல்லித்தர வேண்டும். நான் செய்த ஒரு தப்பையும், அதே நாளில் அதைவிடப் பெரிதாகச் செய்த இன்னொரு தப்பையும் எழுதுகிறேன். முப்பத்தெட்டு வருஷ வேலையில் தப்புகளுக்குக் குறைவில்லை. ஆனால் என்னைத் திருத்தியது இதுதான்.

எண்பதுகளில் நாடிக்கும் சிகடோகாவுக்கும் இடையில் எங்களில் ஆறு பேருக்கு ஒரே பைத்தியம் பிடித்திருந்தது. எழுபதுகளில் ஜப்பானில் செய்த இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார்கள். எஞ்சின் முன்னால் இருக்கும், ஆனால் ஓட்டுவது பின்சக்கரம். இரண்டையும் இணைத்து வண்டியின் வயிற்றுக்கு அடியில் ஒரு நீண்ட இரும்புத் தண்டு சுழலும். அதுதான் ஷாஃப்ட். நீங்கள் இப்போது பார்க்கிற சின்னக் கார்கள் மூக்கைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறவை. அவை பின்னாலிருந்து தள்ளும். வளைவில் முன்சக்கரம் திரும்புகிற வேலையை மட்டும் பார்க்கும். ஸ்டியரிங் கையில் பாரமே இருக்காது. ஆக்சிலேட்டரை மிதித்தால் வண்டி பின்காலில் லேசாக உட்கார்ந்து எழுந்து போகும்.

அந்த ஆறு பேரில் ஒரு பல் டாக்டர், ஒரு லாரி முதலாளி, சர்க்கரை ஆலையில் வேலை பார்த்த இருவர், நான், பிறகு சுபத்ரா டீச்சர். டீச்சர் சிகடோகாவில் ஹைஸ்கூலில் கணக்கு நடத்தினார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நாட்டை விட்டுப் போன ஒரு வெள்ளைக்கார விமானியிடமிருந்து வெள்ளை நிறச் செலிகா ஒன்றை வாங்கியிருந்தார். எங்கள் ஆறு பேரில் நன்றாக ஓட்டத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். மற்ற ஐந்து பேரும் வேகமாக ஓட்டுவோம், அவ்வளவுதான்.

"முதுகுல ஒரு கை வச்சு, போ, போன்னு சொல்ற மாதிரி இருக்கு மணி" என்று ஒரு தடவை என்னிடம் சொன்னார். பின்சக்கர வண்டியைப் பற்றி அதைவிட நன்றாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆறு வண்டிகளும் சிகடோகாவில் சேரும். அங்கிருந்து கடலோரமாகக் குவீன்ஸ் ரோட்டில் நவுவா வரை போவோம். ஆற்றங்கரை மார்க்கெட்டில் ரொட்டியும் மீன் கறியும் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவோம். டீச்சரின் புருஷன் கோவிந்தன் அண்ணன், போஸ்ட் ஆபீஸ் கிளார்க், ஒரு நாள்கூட எங்களோடு வந்ததில்லை. அவருக்கு அந்த வண்டியே ஆகாது. "ரெண்டு கதவு. பின்னாடி ஏறணும்னா மனுசன் பாம்பு மாதிரி நெளியணும். இதுக்கு ஒரு காடியா?" என்பார். எங்கள் ஊரில் வண்டியைக் காடி என்றுதான் சொல்வோம்.

எண்பத்தேழு மே மாதம் ராணுவம் பாராளுமன்றத்துக்குள் நுழைந்து, எங்கள் இந்தியர்கள் நிறைய இருந்த அரசைக் கவிழ்த்து ஆட்சியைப் பிடித்தது. செப்டம்பரில் இரண்டாம் முறை. அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை யாரும் வேலை செய்யக்கூடாது, வண்டி ஓட்டக்கூடாது என்று உத்தரவு வந்தது. எங்கள் ஞாயிறு ஓட்டம் நின்றது. ஓட்டம் நின்றது பெரிதில்லை, ஓட்டியவர்கள் நாட்டை விட்டே போக ஆரம்பித்தார்கள். பல் டாக்டர் வான்கூவர் போனார். ஆலைக்காரர் இருவரும் பிரிஸ்பேன். என்னோடு ஒன்பது வருஷம் ஒரே பட்டறையில் நின்ற தேவா, என்னைவிடக் கைதேர்ந்த மெக்கானிக், சிட்னிக்குப் போய்விட்டான். அவன் போன மூன்றாவது வாரம் டீச்சர் பட்டறைக்கு வந்தார்.

"எங்களுக்கும் விசா வந்துடிச்சு மணி. ஆக்லாந்து. வர வாரம் பிளைட்."

"காடிய யாருக்குக் குடுக்கறீங்க டீச்சர்?"

"யாருக்கும் இல்ல. கப்பல்ல எடுத்துட்டுப் போறேன்."

வீட்டை விற்றாயிற்று, கட்டில் பீரோவை அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தாயிற்று, இந்த வண்டியை மட்டும் விட மாட்டேன் என்றார். சுவா துறைமுகத்தில் வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குள் ஒப்படைக்க வேண்டும். அந்தக் கப்பலை விட்டால் அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியாத காலம் அது. ஷாஃப்டில் லேசாகச் சத்தம் வருகிறது, போவதற்குள் பார்த்துவிடு என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறினார்.

ஷாஃப்டின் பின்முனையில் இருக்கிற சிலுவை வடிவ இணைப்பு, கிராஸ், தேய்ந்திருந்தது. வியாழக்கிழமை மத்தியானம் புதிது போட்டேன். ஷாஃப்டைத் திரும்ப மாட்டினேன். பின் அச்சோடு அதை இணைப்பவை நான்கு போல்ட்டுகள். நான்கையும் மாட்டி, ஸ்பேனரால் ஒரு பிடி பிடித்தேன். கடைசி இழுப்பு என்று ஒன்று உண்டு, உங்களுக்கே தெரியும், தோளிலிருந்து இழுப்பது. அதை இழுப்பதற்குள் தெருவில் ராணுவ ஜீப் ஒலிபெருக்கி வைத்துக்கொண்டு போனது. ஐந்து மணிக்குள் கடைகளை அடைக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஷட்டர் இறங்குகிற சத்தம். காலையில் இழுத்துக்கொள்ளலாம் என்று வண்டியை இறக்கிவிட்டுப் பூட்டிக்கொண்டு போனேன்.

காலையில் மழை. நியூசிலாந்தில் வண்டியின் அடியில் ஒரு பிடி மண் ஒட்டியிருந்தாலும், ஒரு நத்தை இருந்தாலும் இறக்க விட மாட்டார்கள். ஒரு மணி நேரம் அடியில் படுத்து பிரஷ்ஷால் தேய்த்துக் குழாய்த் தண்ணீர் அடித்தேன். அந்த நான்கு போல்ட்டுகளின் மேலேயும் தண்ணீர் அடித்தேன். கண்ணுக்கு ஒரு அடி தூரம். ஆனால் கண் மண்ணைத்தான் தேடிக்கொண்டிருந்தது. தேடுகிற பொருள் மட்டும்தான் கண்ணில் படும் என்பதை அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன்.

நாடியிலிருந்து சிகடோகா வரை நானே ஓட்டினேன். ஒரு குறையும் தெரியவில்லை. சிகடோகாவில் டீச்சர் ஸ்டியரிங்கைப் பிடித்தார். அந்த ரோட்டில் கடைசி ஓட்டம், அதை வேறு யாருக்கும் கொடுக்க மாட்டார். நான் பக்கத்தில். கோவிந்தன் அண்ணன் பாம்பு மாதிரி நெளிந்து பின்சீட்டில் ஏறி, பாஸ்போர்ட்டும் கப்பல் காகிதமும் இருந்த தோல் பையை மடியில் வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டார். துறைமுகத்தில் கையெழுத்துப் போட அவரும் வர வேண்டியிருந்தது. முதன்முறையாக அந்த ரோட்டில் அந்த வண்டியில் போகிறார்.

டீச்சர் அன்று வேகமாக ஓட்டவில்லை. ஒவ்வொரு வளைவையும் தடவிப் பார்த்துக்கொண்டு போவதுபோல ஓட்டினார். மழை விட்டுவிட்டிருந்தது. இடது கையை கியர் மேலேயே வைத்திருந்தார்.

ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். பின்னாலிருந்து அண்ணன் சொன்னார்: "சுபத்ரா, கால்கிட்ட இன்னாவோ கிச்சுக்கிச்சு மூட்டுது."

"ரோடு அப்படி" என்றார் டீச்சர்.

"மணி, நீ பாரு. நடுவுல மேடா இருக்கே, அது மேல கால வச்சா நடுங்குது."

நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "பழைய காடி அண்ணே, அப்படித்தான் இருக்கும்" என்றேன். அந்த மேட்டுக்குக் கீழேதான் ஷாஃப்ட் ஓடுகிறது என்பது எனக்குத் தெரியாதா? ஆனால் சொன்னவர் யார்? ஸ்பேனருக்கும் ஸ்க்ரூ டிரைவருக்கும் வித்தியாசம் தெரியாத போஸ்ட் ஆபீஸ் கிளார்க். வண்டியைப் பிடிக்காதவர். அவர் பேச்சில் புகார்தான் எனக்குக் கேட்டது. அவருடைய கால் சரியாகச் சொல்கிறது என்று தோன்றவேயில்லை.

நவுவா பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் ராணுவச் சோதனைச் சாவடி. மூங்கில் தடுப்பு, மணல் மூட்டை, ஐந்தாறு சிப்பாய்கள். எங்களுக்கு முன்னால் ஒரு காய்கறி லாரியும் ஒரு பஸ்ஸும். பின்னால் ஒரு டாக்சி வந்து நின்றது. டீச்சர் கண்ணாடியை இறக்கிவிட்டு, நடக்கிற வேகத்தில் வண்டியை நகர்த்தினார்.

தடுப்புக்குப் பக்கத்தில் நின்ற ஒரு சிப்பாய் சட்டென்று தலையைத் தூக்கினார். லாரியை விட்டுவிட்டு, பஸ்ஸைத் தாண்டி, நேரே எங்களிடம் நடந்து வந்தார். நல்ல உயரம், என் வயதுதான் இருக்கும். சட்டையில் பெயர்ப்பட்டை இல்லை. அவர் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது.

"எஞ்சினை நிறுத்து. எல்லாரும் இறங்கு."

அவர் பேசியது பிஜி இந்தி. இங்கே உள்ள பூர்வகுடிப் பிஜியர்களில் பலர் அதை எங்களைவிட நன்றாகப் பேசுவார்கள். உங்களுக்காகத் தமிழில் எழுதுகிறேன்.

இறங்கினோம். நாட்டை விட்டுப் போகிறவர்களின் சாமானைச் சாவடியில் பிடுங்கிக்கொள்கிறார்கள் என்று அந்த நாட்களில் ஊரெல்லாம் பேச்சு. உண்மையோ பொய்யோ, கேட்டவர்கள் எல்லோரும் நம்பினோம். டீச்சரின் முகம் வெளுத்துவிட்டது. பேசியது கோவிந்தன் அண்ணன். தோல் பையை மார்போடு அணைத்துக்கொண்டு, சிப்பாய்க்கும் வண்டிக்கும் நடுவில் போய் நின்றார். அவர் தலை அந்த மனிதரின் நெஞ்சு உயரத்துக்குத்தான் வந்தது.

"ஈ காடி ஹமார் அவுரத் கே ஹை" என்றார். இந்த வண்டி என் பெஞ்சாதியுடையது. "பையை எடுத்துக்கோ. கடிகாரத்தை எடுத்துக்கோ. இதை எடுக்காதே."

இத்தனை வருஷமாக அந்த வண்டியைத் திட்டிய மனுஷன். டீச்சர் அவரை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையை எழுத எனக்குத் தமிழ் போதாது.

சிப்பாய்க்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கையை விரித்துக் காட்டினார். "ஐயா, உங்க காடி எனக்கு வேணாம். அது கீழே ஏதோ அடிக்குது. உங்களுக்குக் கேக்கலையா?"

துப்பாக்கியைத் தோளிலிருந்து கழற்றிப் பக்கத்தில் வந்த இன்னொரு சிப்பாயிடம் கொடுத்தார். மழைத்தண்ணீர் நின்ற தார்ச்சாலையில் அப்படியே மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் போனார். அவருடைய பூட்ஸ் மட்டும் வெளியே தெரிந்தது. உள்ளேயிருந்து 'கடக்' என்று ஒரு சத்தம். இன்னொரு தடவை, 'கடக்.'

"மெக்கானிக் யாரு?"

குனிந்தேன். அவர் ஷாஃப்டைக் கையால் பிடித்து ஆட்டினார். அது ஆடியது. நான்கு போல்ட்டில் ஒன்று விழுந்தே போயிருந்தது. இன்னொன்றில் நட் இல்லை, போல்ட் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. மீதி இரண்டும் கையால் சுற்றினால் சுற்றுகிற அளவுக்குத் தளர்ந்திருந்தன. இன்னும் ஐந்து மைல், அல்லது அதுவும் இல்லை. ஓடுகிற வேகத்தில் அந்த முனை கழன்றால் ஷாஃப்ட் சவுக்கு மாதிரி சுழன்று தரையைக் கிழிக்கும், பிரேக் குழாயை அறுக்கும். பின்சீட்டில் இருப்பவரின் கால் இருக்கிற இடம் அது. அடுத்து வருவது நவுவா பாலம், கீழே ஆறு.

அவர் படுத்தபடியே என்னைப் பார்த்துக் கேட்டார்:

"ஈ காடி கோன் பனாயிஸ்?" இதை ரிப்பேர் செய்தது யார்?

தம்பிகளே, இப்போது நான் செய்த இரண்டாவது தப்பு.

"தேவான்னு ஒருத்தன்" என்றேன். "இப்ப இல்ல. சிட்னி போயிட்டான்."

யோசித்துச் சொல்லவில்லை. தானாக வந்தது. அந்த நாட்களில் அது சுலபமாக வரும். எந்தப் பட்டறையில், எந்த ஆபீசில் எது காணாமல் போனாலும், எது உடைந்தாலும், செய்தவன் போன மாதம்தான் பிளேன் ஏறியிருப்பான். போனவன் வந்து இல்லை என்று சொல்லப்போவதில்லை. (தேவாவுக்குப் பிறகு நானே கடிதத்தில் எல்லாவற்றையும் எழுதினேன். வந்த பதிலில் முதல் வார்த்தை கெட்ட வார்த்தை. அடுத்த வரியில் டீச்சர் சௌக்கியமா என்று கேட்டிருந்தான்.)

"எப்போ போனான்?" என்று கேட்டார் சிப்பாய்.

"மூணு வாரம் ஆச்சு."

அவர் கையை நீட்டிப் புது கிராஸை விரலால் தொட்டார். அதில் நேற்று மத்தியானம் நான் வைத்த கிரீஸ் தேன் நிறத்தில் பளபளத்தது. விரலை முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். பிறகு கால்சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"போனவங்க எல்லாரும் ரொம்ப வேலை பண்ணிட்டுப் போயிருக்காங்க" என்றார்.

அவ்வளவுதான். எழுந்து வந்தார். சட்டை முதுகு முழுக்க நனைந்திருந்தது.

பாலத்துப் பக்கமிருந்து இன்னொரு சிப்பாய் கத்தினார், வரிசையை நகர்த்து என்று. இவர் கையைக் காட்டி அமர்த்திவிட்டு, பின்னால் நின்ற டாக்சியிடம் போனார். டாக்சிக்காரர் தாடி வைத்த ஒரு பாய், எங்கள் தமிழ் முஸ்லிம். அவருடையதும் பின்சக்கர வண்டிதான். டிக்கியைத் திறந்து ஒரு ஸ்பேனரையும் ஒரு பிஸ்கட் டின்னையும் எடுத்து, டின்னைத் தரையில் கவிழ்த்தார். போல்ட்டுகளும் நட்டுகளும் உருண்டன. பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள், காய்கறி லாரிக்காரர், எல்லோரும் குந்தி உட்கார்ந்து தேடினார்கள். அளவுக்குப் பொருந்துகிற மாதிரி ஒரு போல்ட்டும் இரண்டு நட்டும் கிடைத்தன.

சிப்பாயே முறுக்கிவிடுவார் என்று நினைத்தேன். அவர் ஸ்பேனரை என் கையில் கொடுத்தார். "நீ பண்ணு."

அதே தண்ணீரில் நான் படுத்தேன். முதல் போல்ட்டை முறுக்கினேன்.

"இன்னொரு தடவை" என்றார்.

இழுத்தேன்.

"தோள்லேருந்து."

தோளிலிருந்து இழுத்தேன். அவர் என் பக்கத்தில் படுத்து, கையை நீட்டி அதைத் தானும் ஒரு முறை இழுத்துப் பார்த்தார். நகரவில்லை. பிறகு தலையை வெளியே நீட்டி, "பெயிண்ட் இருக்கா? எந்தக் கலரா இருந்தாலும் சரி" என்று கேட்டார். யாரிடமும் இல்லை. டீச்சர் கைப்பையைத் திறந்து சிவப்பு நகப்பூச்சுப் புட்டியை எடுத்துக் கொடுத்தார். நட்டின் மேலும் அதன் அடியில் இருக்கிற இரும்பின் மேலும் சேர்ந்தாற்போல ஒரே கோடாக அவர் சிவப்பை இழுத்தார்.

"முழுசா முறுக்கின பிறகுதான் கோடு. கோடு இல்லன்னா முறுக்கல. ஞாபகத்தை நம்பாதே, கோட்டை நம்பு. நட்டு நகந்தா கோடு உடையும், தூரத்துலேயே தெரியும்."

"இத எங்க கத்துக்கிட்டீங்க?"

"பாலைவனத்துல. ஐ.நா. அமைதிப்படைக்குப் போயிருந்தப்போ. லாரிச் சக்கரம் ஒண்ணு கழண்டது. நாலு பேர்." அடுத்த நட்டை விரலால் காட்டினார்.

நான்கும் முடிந்தன. அதற்குப் பிறகு நான் முறுக்கிய எந்த முக்கியமான போல்ட்டும் கோடு இல்லாமல் பட்டறையை விட்டுப் போனதில்லை. இப்போது உங்கள் மேஜையில் மஞ்சள் மார்க்கர் பேனா இருப்பதும் அதனால்தான்.

கிளம்பும்போது டீச்சர் அவரிடம் கேட்டார், எஞ்சின் ஓடும்போது, இத்தனை வண்டிச் சத்தத்தில், இது மட்டும் எப்படிக் கேட்டது என்று. அவர் கொஞ்சம் வெட்கப்பட்ட மாதிரி இருந்தது.

"என் கிராமம் ரோட்டோரம்தான், இங்கேருந்து கொஞ்ச தூரம். லீவுல வந்தா ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போற நேரத்துல ஆறு காடி போகும். வெள்ளைக் காடி, பொம்பளை ஓட்டும். எங்க அம்மா நடன்னு திட்டும், நான் நின்னு கேப்பேன். அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். இன்னிக்கு வந்த சத்தம் அது இல்ல." வண்டியின் கூரையை உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினார். "எங்க போகுது?"

"ஆக்லாந்து" என்றார் டீச்சர்.

"ஓ" என்றார் அவர். தடுப்பைத் தூக்கச் சொன்னார்.

பாலத்தைத் தாண்டினோம். பிறகு கோவிந்தன் அண்ணன் பின்னாலிருந்து ஆரம்பித்தார்.

"அந்தத் தேவா. எத்தினி தடவ நம்ம வூட்டுல சாப்ட்டிருக்கான். சிட்னிக்குப் போற அவசரத்துல இப்படியா பண்ணுவான்? ஆக்லாந்து போய்ச் சேர்ற அன்னிக்கே போன் போட்டுக் கேக்கறேன் நான். மனுசனா அவன்?"

ரோட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அவர் நிறுத்தவில்லை. தேவா இல்லாத இடத்தில், அவனைப் பிடித்திருந்த ஒரு மனிதர் அவனைத் திட்டுவதைக் கேட்கக் கேட்க எனக்கு உள்ளே எரிந்தது.

"அண்ணே" என்றேன். "தேவா இல்ல. நான்தான். நேத்து நான்தான் போட்டேன். இழுக்காம விட்டுட்டேன்."

டீச்சர் கியரை மாற்றினார். முகத்தில் எந்த மாற்றமும் இல்லை.

"எனக்குத் தெரியும்" என்றார். "தேவா போன பிறகுதானே காடிய உங்கிட்ட விட்டேன்."

"அப்ப அங்கயே ஏன் கேக்கல டீச்சர்?"

"துப்பாக்கி வச்சிருக்கறவங்க முன்னாடி உன்னைக் காட்டிக் குடுக்கச் சொல்றியா?"

ஒரு மைல் போயிருக்கும். அவரே சொன்னார்: "எங்கிட்ட சொல்லிட்டே, சரி. ஆனா பொய்ய நீ எங்கிட்ட சொல்லல மணி. அந்தாளுகிட்ட சொன்னே."

பின்னாலிருந்து அண்ணன், "நான் காலு நடுங்குதுன்னு சொன்னத எவனாவது கேட்டீங்களா?" என்றார்.

இரண்டு மணிக்குத் துறைமுகத்தில் இருந்தோம். பெட்ரோலை வடித்தேன், பாட்டரி வயரைக் கழற்றினேன், அதிகாரி அடியில் விளக்கடித்துப் பார்த்து மண் இல்லை என்று கையெழுத்துப் போட்டார். சாவியைக் கொடுப்பதற்கு முன் டீச்சர் ஒரு தடவை உள்ளே போய் உட்கார்ந்தார். அணைந்திருந்த வண்டியில் கியரை ஒன்று, இரண்டு, மூன்று என்று ஐந்து வரை போட்டு, திரும்ப நடுவில் கொண்டுவந்து விட்டுவிட்டு இறங்கினார். கிரேன் தூக்கும்போது நாங்கள் மூவரும் அண்ணாந்து பார்த்தோம். காற்றில் அது லேசாகச் சுற்றியது. அடியில் நான்கு சிவப்புக் கோடுகள் தெரிகிறதா என்று பார்த்தேன். அவ்வளவு உயரத்தில் தெரியவில்லை.

அவர்கள் சுவாவில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனார்கள். நான் நாடிப் பஸ்ஸைப் பிடித்தேன். பஸ் நிறையக் கூட்டம். எல்லோருக்கும் அன்றைய ஊரடங்குக்கு முன் வீடு போய்ச் சேர வேண்டும்.

நவுவா நெருங்க நெருங்க, அந்தச் சிப்பாய் பணி முடிந்து போயிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். போகவில்லை. பாலத்தைத் தாண்டி பஸ் நின்றதும், அதே உயரம், தடுப்புக்குப் பக்கத்தில் நின்றார். சட்டை காய்ந்திருந்தது. துப்பாக்கி திரும்பவும் தோளில். ஒரு சின்னச் சிப்பாய் பஸ்ஸில் ஏறி முகங்களைப் பார்த்துவிட்டு இறங்கினான். டிரைவர் கியர் போட்டார்.

அந்த நொடியில் உட்கார்ந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. யாருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது. எங்கள் வேலையில் பெரும்பாலான சமயம் அப்படித்தான். உட்கார்ந்தே இருக்கலாம்.

"நிறுத்துங்க" என்று எழுந்தேன். டிரைவர் என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். சோதனைச் சாவடியில் தானாக இறங்குகிற ஆளை அவர் அதுவரை கண்டதில்லை. இறங்கி நடந்தேன். சின்னச் சிப்பாய் துப்பாக்கியை உயர்த்தினான். உயரமானவர் அவனைத் தடுத்தார்.

"காலையில பொய் சொன்னேன்" என்றேன். "அந்த போல்ட்டைப் போட்டது தேவா இல்ல. நான்."

"தெரியும்" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. "காடி கப்பல் ஏறிச்சா?"

"ஏறிச்சு."

"சத்தம்?"

"நல்ல சத்தம். சுவா வரைக்கும் ஒண்ணும் இல்ல."

அவர் தலையை ஆட்டினார். பேச்சு முடிந்தது என்று நினைத்துத் திரும்பினேன். அவர் கேட்டார்:

"அந்தத் தேவா. அவன் எப்படி? நல்ல மெக்கானிக்கா?"

"என்னைவிட நல்ல மெக்கானிக்."

"அப்புறம் ஏன் போனான்?"

குத்திக் கேட்ட கேள்வி இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் வாயைத் திறந்தேன். என் கண் அவர் தோளில் தொங்கிய துப்பாக்கியின் மேல் போயிற்று. வேண்டுமென்று பார்க்கவில்லை. நான் எதைப் பார்க்கிறேன் என்று அவரும் பார்த்தார். தானும் குனிந்து அதையே பார்த்தார்.

பஸ் டிரைவர் ஹாரன் அடித்தார்.

அவர் துப்பாக்கிப் பட்டையைப் பிடித்து முதுகுப் பக்கம் தள்ளிவிட்டுக்கொண்டார். சின்னச் சிப்பாயைக் கூப்பிடாமல் தானே போய், இரண்டு கையாலும் மூங்கிலைத் தூக்கி, பஸ் முழுவதும் தாண்டிப் போகிறவரை பிடித்துக்கொண்டு நின்றார்.